இரண்டு சிப், ஒரு பொருத்தம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினிகள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன. வழக்கமாக அங்கே இருக்கும் ஊறுகாய்ப் போத்தல், உப்புக் கிண்ணம், அப்பாவின் மாத்திரை டப்பா எல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு ஏறியிருந்தன.

ஒரு கணினி எங்களுடையது. மற்றது சிம்பாங் அம்பாட்டிலிருந்து பழைய போர்வை சுற்றி, காரின் பின்பெட்டியில் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வந்தது. அதற்குப் பிளக் வேண்டும் என்பதால் எங்கள் மின்விசிறியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டோம். எல்லோருக்கும் வியர்த்தது. சூடான பிளாஸ்டிக் வாசனையும், அம்மா பொரித்துக்கொண்டிருந்த உளுந்து வடை வாசனையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இன்றைக்கும் புதுக் கணினிப் பெட்டியைத் திறந்தால் எனக்கு வடை ஞாபகம் வருகிறது.

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெடியா தம்பி?"

"நான் எப்பவோ ரெடி அண்ணே. நீங்க தோக்க ரெடியா?" என்றார் எதிர்ப்பக்கத்தில் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சிவபாலன் மாமா.

மாமா எனக்கு மாமா இல்லை. ரவிக்குத் தாய்மாமன். ரவி என்பவர் நான் மணந்துகொள்ள விரும்பியவர். அவர் மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார். அவருடைய அம்மா சோபாவில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

இரண்டு கணினிகளும் ஒரே கணக்கைப் போடப் போகின்றன. எது முதலில் முடிக்கிறது என்று பார்ப்பதுதான் போட்டி. போடப் போகும் கணக்கு, எனக்கும் ரவிக்கும் திருமணப் பொருத்தம் இருக்கிறதா இல்லையா என்பது.

சாலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இதை விளங்கிக்கொள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மேசைக் கணினியின் மூளையாக இருக்கும் சிப்பைச் செய்யும் கம்பெனிகள் உலகத்திலேயே சில. அவற்றில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டுக்கு எங்கள் தொழிற்பேட்டையில் கட்டடங்கள் இருந்தன. ஒன்றில் நான். மற்றதில் ரவி. பெயர்களை எழுதப் போவதில்லை. இருவரும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறோம். எழுதினால் எங்களுக்குத் திங்கட்கிழமை நன்றாக இருக்காது.

இரண்டு கம்பெனி சிப்பிலும் ஒரே மென்பொருள் ஓடும். அதனால் கடையில் வாங்குகிறவர் கேட்பது ஒரே கேள்வி: எது வேகம்? அந்த ஒரு கேள்விக்காக எங்கோ அமெரிக்காவில் ஆள்கள் தூங்காமல் கிடந்தார்கள். பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் வந்தது. இங்கே பினாங்கில் நாங்கள் அந்தச் சண்டையை ரொட்டி சானாய்க் கடையில் போட்டோம்.

கடை இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்தது. இரண்டு கூட்டமும் அங்கேதான் சாப்பிடும். ஆனால் உள்ளே நுழையும்போது கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைத் திருப்பிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வோம். யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கம் இல்லை. அட்டை வெளியே தெரிந்தால் பக்கத்து மேசை உடனே பேச்சை டுரியான் பழ விலைக்கு மாற்றிவிடும். டுரியான் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசும் பொறியாளர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடைக்காரர் அப்துல்லா காக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "இன்னிக்கு அந்தப் பக்கம் ஆளுங்க ரெண்டு ரெண்டு பிளேட் சாப்பிடுறாங்க. புது மாடல் பாஸ் ஆயிடுச்சு போல" என்பார். எங்கள் மேலாளருக்கு வந்த முதல் தகவல் பல தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

வேகம் என்றால் என்ன

நான் வேலை பார்த்தது இறுதிச் சோதனைப் பிரிவில். வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல வேகமான சிப் தனியாகவும் மெதுவான சிப் தனியாகவும் செய்யப்படுவதில்லை. ஒரே தட்டில், ஒரே வார்ப்பில் வந்தவைதான் எல்லாம். சூடு ஏற்றி ஓடவிட்டுப் பார்ப்போம். உயர்ந்த வேகத்தில் தடுமாறாமல் ஓடியவற்றின் தலையில் பெரிய எண்ணை லேசரால் பொறிப்போம். தடுமாறியவற்றுக்குச் சின்ன எண்.

இதுவரை சரி. ஆனால் சில மாதங்களில் சின்ன எண்ணுக்குத்தான் ஆர்டர் குவியும். அப்போது நன்றாக ஓடிய சிப்பின் தலையிலும் சின்ன எண்ணையே பொறித்து அனுப்பிவிடுவோம். வேலையில் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் அந்த எண் சிப்பின் வேகமா, ஆர்டரின் வேகமா?

எதிர்ப்பக்கத்தில் கதை இன்னும் குழப்பம். அவர்கள் தங்கள் சிப்பின் மேல் போட்ட எண், சிப் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று காட்டும் கடிகாரத் துடிப்பே இல்லை. "போட்டிக்காரர் சிப்பின் இந்த வேகத்துக்கு இது சமம்" என்று சொல்லும் எண். எங்கள் ஆள்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பரீட்சையில் மார்க்குக்குப் பதிலாக, "முதல் மாணவனுக்குச் சமம்" என்று எழுதி வருவதைப்போல என்றார்கள்.

நான் ரவியிடமும் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

"வேகமா கால ஆட்டுறவன் எல்லாம் தூரமா போறானா?" என்றார் அவர். "நாங்க ஒரு அடியில கூடுதல் தூரம் போறோம். அதத்தான் நம்பரா போடுறோம்."

மறுநாள் வேலையில் ஒருவரிடம் அதையே கேட்டேன். அவர் ஒரு வரைபடம் காட்டினார். அதில் நாங்கள் முந்தியிருந்தோம். ரவி இன்னொரு வரைபடம் காட்டினார். அதில் அவர்கள். இரண்டு வரைபடங்களும் பொய்யில்லை. எண்களைக் கோத்து ஒரு முடிவுக்கு வரத்தான் எனக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். ஒரே கேள்விக்கு உண்மையான இரண்டு பதில் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பூப்பந்தில் தொடங்கியது

ரவியை எப்படித் தெரியும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிற்பேட்டைக்குப் பக்கத்து மண்டபத்தில் வாரம் ஒரு நாள் பூப்பந்து ஆடப் போவேன். ஒரு நாள் இடம் போதாமல், அட்டையைப் பைக்குள் மறைத்திருந்த ஒருவரோடு இரட்டையர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. என் அட்டையும் பைக்குள்தான் இருந்தது. எதிரெதிர்க் கம்பெனி என்று தெரிந்தபோது பல வாரம் ஓடியிருந்தது. அதற்குள் பேச்சை டுரியானுக்கு மாற்ற முடியாத நிலைக்கு வந்துவிட்டோம்.

இரண்டு வீட்டிலும் சொன்னோம். இரண்டும் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி என்ற எழுத்தர் வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள். சாதி, சமயம், படிப்பு என்று எதிலும் தடங்கல் இல்லை. ஆனால் ரவியின் அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்.

அவர் ஓய்வுபெற்ற தாதி. அதிகம் பேசமாட்டார். நான் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவேன். ஆன்ட்டியும் அவர் கணவரும் சாதகம் பார்க்காமல் மணந்துகொண்டவர்கள். கணவர் ரவி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். பார்க்காமல் செய்ததுதான் காரணம் என்று உறவுக்காரர்கள் வருஷக்கணக்கில் அவர் காதுபடப் பேசியிருக்கிறார்கள்.

"பொருத்தம் இருந்தா தை மாசமே வச்சுக்கலாம். இல்லேன்னா வேணாம்மா. என்னால இன்னொரு தடவ அந்தப் பேச்சக் கேக்க முடியாது" என்று என்னிடம் நேராகவே சொன்னார்.

ரவியிடம் கேட்டேன். "அம்மாவ மீறி வரமாட்டேன்னு சொல்லல சுகந்தி. மீறுற மாதிரி வராம இருக்கணும்னு வேண்டிக்கறேன்" என்றார். அது வருவேன் என்பதா, வரமாட்டேன் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை.

இதில் ஒரு சிக்கல். எனக்குச் சாதகமே எழுதியிருக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் கிராணியாக இருந்தவர். கப்பல் வரும் நேரத்தைத் தவிர வேறு எந்தக் கணிப்பையும் நம்பாதவர். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டால், "பேரு போதும் ஐயரே, சாமிக்குத் தெரியும்" என்பார். அதனால் என் நட்சத்திரம் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் பிறந்த மருத்துவமனை தந்த அட்டையை மட்டும் அம்மா பத்திரப்படுத்தியிருந்தார். அதில் பிறந்த நேரம் இருந்தது.

அந்த இடத்தில்தான் சிவபாலன் மாமா நுழைந்தார். காப்புறுதி முகவர். சூலியா தெருக் கடை ஒன்றில் சாதகம் கணிக்கும் மென்பொருளை வாங்கி, சனி ஞாயிறுகளில் உறவுக்காரர்களுக்கு எல்லாம் இலவசமாகக் கணித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மருமகன் கம்பெனியின் சிப் உள்ள கணினியைத்தான் வைத்திருந்தார். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோதே எங்கள் கணினியைத் தட்டிப் பார்த்து, "இது உள்ள என்ன சிப்பு, இந்தப் பொண்ணு கம்பெனியோடதா? அப்ப பொருத்தம் பாத்து முடிக்கறதுக்குள்ள பேரன் பொறந்துடுவான்லா" என்றார்.

அப்பா அதுவரை இதில் எல்லாம் பட்டுக்கொள்ளாமல் இருந்தவர். தன் மகள் கம்பெனியைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உன்னோடத தூக்கிட்டு வா தம்பி. பாத்துடுவோம்."

மாமா, கடையில் கொடுத்த மூல வட்டிலிருந்து மென்பொருளின் நகல் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சாதகத்தை நம்பாத என் அப்பா, பந்தயத்துக்காகச் சாதகம் பார்க்கச் சம்மதித்தது இப்படித்தான்.

ஓட்டம்

"ஸ்டார்ட்" என்றார் அப்பா. அவரும் மாமாவும் ஒரே நேரத்தில் விசையை அழுத்தினார்கள்.

இந்தக் காலத்து வாசகர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அந்த மென்பொருள் இரண்டு பேருடைய கிரகங்களையும், திசை புத்திகளையும், பிறகு பொருத்தங்களையும் வரிசையாகக் கணித்து முடிக்க, சட்டியில் ஒரு ஈடு வடை வேகும் நேரம் ஆகும். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றார். ஆன்ட்டி விசிறுவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் திரையில் கடைசி வரி வந்தது. ஆங்கில எழுத்தில் 'உத்தமம்'.

"முடிஞ்சுது" என்று அப்பா கையைத் தூக்கினார். அந்தப் பக்கம் இன்னும் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. வென்றது என் கம்பெனி, கிடைத்தது பொருத்தம். எதற்கு முதலில் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் நான் ரவியைப் பார்த்தேன். ரவி மாமாவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திரையிலும் கடைசி வரி வந்தது. 'பொருந்தாது. ரச்சுப் பொருத்தம் இல்லை.'

ரச்சு என்பது தாலிக் கயிற்றைக் குறிக்கும் பொருத்தம். மற்றது எல்லாம் இருந்து இது இல்லாவிட்டால் எங்கள் ஆள்கள் மேற்கொண்டு பேசமாட்டார்கள்.

மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணே, உங்களோடது ஃபாஸ்ட்தான், ஒத்துக்கறேன். ஃபாஸ்டா தப்பு போடுது."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. யாரோ ஒரு கம்பெனியின் சிப் வகுத்தல் கணக்கில், எங்கோ தள்ளியுள்ள இலக்கத்தில், அபூர்வமாகத் தவறுகிறது என்ற செய்தி அப்போது பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். எந்த சிப், எந்த மாடல் என்றெல்லாம் பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. எல்லோரும் அடுத்தவர் சிப்பைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

"எங்க சிப்புல அந்த மாதிரி வராது மாமா. அதுக்குன்னே தனியா டெஸ்ட் வச்சிருக்கோம்" என்றார் ரவி.

"நாங்க டெஸ்ட் பண்ணாமலா அனுப்புறோம்?" என்றேன் நான்.

"நான் அப்படிச் சொல்லல. எங்களோடது சரியாத்தான் போடும்னு மட்டும்தான் சொல்றேன்."

"உங்களோடது சரின்னா என்ன அர்த்தம்னு அந்தத் திரையில படிச்சுப் பாருங்க."

அவர் படித்தார். காது மடல் சிவந்தது. இரண்டு கம்பெனியும் இந்தச் சண்டையை எங்களுக்கு எவ்வளவு ஆழமாக ஊட்டியிருந்தன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தன் கல்யாணத்தை நிறுத்தும் பதிலுக்காக அவர் வாதாடிக்கொண்டிருந்தார். என் கல்யாணத்தை நடத்தும் பதிலுக்காக நான் வாதாடினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நானும் சிப்புக்காகத்தான் வாதாடினேன்.

"வடை ஆறுது" என்றார் அம்மா. யாரும் எழுந்திருக்கவில்லை.

என் சந்தேகப் பட்டியல்

குழம்பினால் நான் பட்டியல் போடுவேன். வேலையில் அப்படிப் பழக்கம். வடைக்கு வைத்திருந்த காகித நாப்கின் ஒன்றை எடுத்து எழுதினேன்:

சிப் தவறு.
பிறந்த விவரம் தட்டியதில் தவறு.
மென்பொருள் நகலில் தவறு.
மென்பொருளுக்குள் இருக்கும் அமைப்பில் வித்தியாசம்.

ரவி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார். "ரெண்டாவத முதல்ல பாரு. சுலபமானது" என்றார். குரலில் சமாதானம் இருந்தது. இரண்டு திரையையும் ஒப்பிட்டுப் படித்தோம். தேதி, நேரம், ஊர் எல்லாம் ஒன்றுதான்.

"இப்ப உங்க மாமாவோட மென்பொருள அப்படியே வட்டுல எடுத்து எங்க மெஷின்ல ஓட்டுவோம். அப்பவும் உத்தமம்னு வந்தா, சந்தேகம் சிப்பு மேல. பொருந்தாதுன்னு வந்தா, சிப்பு மேல குத்தம் இல்ல."

சொல்லிவிட்டுத்தான் நான் என்ன கேட்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. என் சிப் குற்றமற்றது என்று நிரூபணமாக வேண்டுமென்றால், என் கணினியும் என்னைப் பார்த்துப் பொருந்தாது என்று சொல்ல வேண்டும்.

ரவிக்கும் உறைத்திருக்க வேண்டும். வட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "ஓட்டணுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓட்டாம எப்படித் தெரியும்?"

ஓட்டினோம். என் கணினி, புள்ளிகளை எல்லாம் போட்டு முடித்து, 'பொருந்தாது' என்றது.

"சிப்பு ரெண்டும் சரி" என்றார் ரவி. ஒரு நல்ல செய்தியைச் சொல்லும் குரலில் அதை அவரால் சொல்ல முடியவில்லை.

மிச்சம் இருந்தது அமைப்பு. மென்பொருளுக்குள் யாரும் எட்டிப் பார்க்காத பக்கம் ஒன்று இருந்தது. எழுத்தின் நிறம், அச்சுப்பொறியின் வகை என்று போய், கீழே ஒரு வரி: உள்ளூர் நேரம், கிரீன்விச்சை விட எவ்வளவு முன்னால். எங்கள் நகலில் எட்டு மணி. மாமாவின் நகலில் ஏழரை மணி.

"நான் அதத் தொட்டதே இல்லலா. கடைக்காரன் செட் பண்ணிக் கொடுத்தது. நான் பொறந்த வருஷத்தக் கேட்டுட்டு என்னமோ தட்டினான்" என்றார் மாமா.

அரை மணி நேரம்

காரணத்தைச் சொன்னவர் அப்பா. கடிகாரத்தை மறுபடி கையில் கட்டிக்கொண்டே சொன்னார்.

இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த வருஷத் தொடக்கம்வரை நம் நேரம் இப்போதையதைவிட அரை மணி பின்னால் இருந்தது. கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்பம் முழுக்கக் கடிகார முள்ளை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அந்த வாரம் காலையில் பள்ளிக்குப் போகும்போது இருட்டாக இருந்தது மட்டும் எனக்கு ஞாபகம். துறைமுகத்தில் அப்பா அந்த வாரம் முழுக்க எல்லாக் கப்பல் அட்டவணையையும் திருத்தி எழுதியிருக்கிறார்.

"இவ பொறந்தது பழைய டைம்ல. அந்தத் தம்பியும் பழைய டைம்தான்" என்றார்.

எனவே ஏழரைதான் சரி. கடையிலிருந்து வந்தபடியே எங்கள் நகலில் இருந்த எட்டு, இன்றைய பிள்ளைகளுக்குத்தான் சரி. அந்த அரை மணியில் சந்திரன் ஒரு நட்சத்திரத்தை விட்டு அடுத்ததற்குப் போயிருந்தது. எட்டு என்றால் நான் உத்திராடம். ஏழரை என்றால் திருவோணம். ரவி சுவாதி. சுவாதிக்கும் திருவோணத்துக்கும் ஒரே ரச்சு. அதனால் பொருந்தாது.

இதை நான்தான் எல்லோருக்கும் விளக்கினேன். ஒரு சோதனை அறிக்கையைப் படிப்பதுபோல வரிசையாகச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று அம்மா பிறகு கேட்டார். ரவி பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்லாமல் விடுவது? அதோடு, கண்டுபிடித்த தவறைச் சொல்லிவிட்டுத்தான் அதன் விளைவைப் பற்றி யோசிக்கவே எனக்குப் பழக்கம்.

"அப்ப லேட்டா வந்ததுதான் ரைட்டு. ஃபாஸ்டா வந்தது ராங்கு" என்று முடித்தார் மாமா. தன் கணினி வென்றுவிட்ட மாதிரி ஒரு நிமிர்வு. அடுத்த கணம் மருமகன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த நிமிர்வை எங்கே வைப்பது என்று தெரியாமல் வடைத் தட்டை இழுத்துக்கொண்டார்.

அம்மா உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கழுவ ஒரு பாத்திரமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆன்ட்டி சோபாவிலிருந்தே கேட்டார்.

"பொறந்த நேரம் எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஆஸ்பத்திரி அட்டையிலேருந்து" என்றேன்.

"நான் எத்தன அட்ட எழுதியிருப்பேன். புள்ள வந்ததும் மொதல்ல புள்ளையப் பாப்போம். அழுதா அம்மாவப் பாப்போம். அப்புறம்தான் சுவத்துல கடிகாரம்." கைக்குட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சரி, அது இருக்கட்டும். இந்த ரெண்டுல எது முதல்ல சொல்லுச்சு?"

"எங்களோடது" என்றார் அப்பா, தயக்கத்தோடு.

"என்னான்னு சொல்லுச்சு?"

"உத்தமம்னு."

"அப்ப அதுதான்."

"அக்கா, அது தப்பான டைம்லா" என்றார் மாமா வாயில் வடையோடு. "இவ்வளவு நேரம் அந்தப் பிள்ள அதத்தானே விளக்குச்சு?"

"கோயில்ல பூ கேட்டா மொதல்ல விழுற பூவத்தான் பாப்பாங்க. அப்புறம் விழுறது காத்துல விழுறது." ஆன்ட்டி எழுந்து புடவையைச் சரி செய்தார். "காலையிலேருந்து எது ஃபாஸ்ட் எது ஃபாஸ்ட்னு நீதானே கத்திக்கிட்டு வந்த. பாலம் முழுக்க அதே பேச்சு. ஃபாஸ்டானது சொல்லிடுச்சு. விடு."

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "தங்கச்சி, தண்ணிய மூடிட்டு வா. உன் வடைய உன் சம்பந்தி இன்னும் தொடவே இல்ல" என்றார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

விளக்கு

ஆன்ட்டி அதை நம்பிச் சொன்னாரா, நம்பாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உறவுக்காரர்களிடம், "பார்த்தாச்சு, உத்தமம்னு வந்துச்சு" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டிருக்கலாம். அல்லது உண்மையாகவே பூ விழுந்த மாதிரிதான் நினைத்திருக்கலாம். கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. தை மாதம் திருமணம் நடந்தது. இருவரும் அவரவர் மேலாளரிடம் போய்ச் சொன்னோம். இருவருக்கும் ஒரே அறிவுரை கிடைத்தது: வீட்டில் வேலையைப் பற்றிப் பேசாதீர்கள். ஆகவே வீட்டில் டுரியானைப் பற்றி நிறையப் பேசுகிறோம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தோடு முடியவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் முன் கூடத்தில் இருந்தார்கள். மாமாவின் கணினியை அணைத்துப் போர்வை சுற்ற நான் போனேன். அப்போதுதான் அதன் முகப்பைப் பார்த்தேன்.

அந்தக் காலத்துக் கணினிப் பெட்டிகளில் டர்போ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பழைய விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடாமல் இருப்பதற்காக, சிப்பின் வேகத்தைக் குறைக்க வைத்த பொத்தான். பொத்தான் உள்ளே இருந்தால் முழு வேகம். பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரியும். வெளியே வந்திருந்தால் சிப் நொண்டும், விளக்கு எரியாது.

விளக்கு எரியவில்லை.

பொத்தானை அழுத்தினேன். எரிந்தது. எந்தப் பழுதும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கணக்கை மறுபடி ஓட்டினேன். புள்ளிகள் பறந்தன. எங்கள் கணினி காலையில் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு வெகு முன்பே முடிந்துவிட்டது.

முழு வேகத்தில் ஓடியிருந்தால் மாமாவின் கணினிதான் முதலில் சொல்லியிருக்கும். பொருந்தாது என்று.

பாலத்தில் குலுங்கியபோது பொத்தான் வெளியே வந்திருக்கலாம். பழைய விளையாட்டு எதையோ ஆடிவிட்டு மாமாவே அப்படி விட்டிருக்கலாம். அல்லது காலையில் மேசைக்கு அடியில் குனிந்து, ஒயர்களை எல்லாம் மாட்டிவிட்டு எழுந்தவர், மாமனாராகப் போகிறவரின் வீட்டில் அவர் தோற்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஒயர்களை மாட்டியது ரவி. ஆனால் விடை என்னவாக வரும் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? தெரியாமல் செய்திருந்தால், தன் சிப்புக்காகப் பிறகு அவ்வளவு ஆவேசமாக ஏன் வாதாடினார்? எவ்வளவு யோசித்தும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

பெட்டியை அவர்தான் வெளியே தூக்கிப் போனார். நான் போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கார்வரை போனேன்.

"டர்போ ஆஃப்ல இருந்துச்சு" என்றேன்.

அவர் பெட்டியைப் பின்பெட்டியில் வைத்து, அது நகராமல் இருக்க ஓரத்தில் செருப்பு ஒன்றைச் செருகினார்.

"அப்படியா?"

"நீங்கதான் ஆஃப் பண்ணீங்களா?"

முன்னால் மாமா ஹார்ன் அடித்தார். ரவி பின்பெட்டியை மூடிவிட்டு அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்க சிப்புதான் ஃபாஸ்ட்டுன்னு உன் வாயால ஒரு தடவ சொல்லு. சொல்றேன்."

நான் இன்னும் சொல்லவில்லை.